மூன்று கண்ணாடியும் ஒரு பிடி கறுப்பு மணலும்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுதப் போவதோ ஒரு கணக்கு ரீச்சரைப் பற்றியும் அவர் படிக்க ஆசைப்பட்ட பெரிய படிப்பைப் பற்றியும். படித்தவர்கள் இதில் பிழை கண்டால் அது எனக்குச் சரியாக விளங்காத குறை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் எனக்குச் சரியாகத்தான் சொன்னார். நான் விளங்கிக்கொண்ட அளவை எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போன காலம் அது. என் அண்ணன் கடைத்தெருவில் கண்ணாடி வெட்டிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். முன்பு கடற்படைக்காரர்கள் தங்கள் மனைவிமாரின் படங்களைக் கொண்டுவருவார்கள். அவர்கள் போன பிறகு சாமிப் படம், கலியாணப் படம், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறவர்களின் மக்காப் படம் என்று வேலை ஓடியது. அண்ணன் முன்னால் இருந்து கண்ணாடி வெட்டுவார். நான் உள்ளே இருந்து பின்னட்டை வைத்து ஆணி அடித்துக் கடதாசி ஒட்டுவேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. வாடிக்கையாளர் வந்தால் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுவேன். அந்தக் குணம் இன்றும் முழுதாக மாறவில்லை.

ரீச்சர் எங்கள் தெருவால்தான் தினமும் பள்ளிக்கூடம் போவார். ஊரார் சேர்ந்து நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் அது. அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கலியாணம் ஆகவில்லை. தாயோடு இருந்தார். இறக்கக்கண்டியில் கலியாணம் முடித்துப் போன ஒரு தமக்கையும் உண்டு. ஒருநாள் பின்னேரம் கடைக்குள் வந்து, மூன்று முகக்கண்ணாடித் துண்டுகளைக் கூம்பு போல ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். கண்ணாடிப் பக்கம் உள்ளே இருக்க வேண்டுமாம்.

அண்ணனுக்குப் பகிடி விடாமல் இருக்க முடியாது.

"என்ன ரீச்சர், சர்பத் ஊத்திக் குடிக்கவோ?"

"குடிக்கிறதுக்கில்லை அண்ணை. பாக்கிறதுக்கு."

"முகம் பாக்கிறதுக்கு ஒரு கண்ணாடி காணாதோ? உங்களுக்கு மூண்டு வேணுமோ?"

ரீச்சரும் சிரித்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த வருடம் போனால்தான் உண்டு. பள்ளிக்கூடம் லீவு கொடுத்தால் போய்ப் படித்துவிட்டு இதே வேலைக்குத் திரும்பி வரலாம். கொடுக்காவிட்டால் வேலையை விட வேண்டும், அல்லது படிப்பை மறக்க வேண்டும். தாய்க்கு வேறு வருமானம் இல்லை. லீவு கொடுப்பதா என்பதைத் தீர்மானிக்கப் பள்ளிக்கூட நிர்வாக சபை கூடப் போகிறது. மூன்று பெரிய மனிதர்கள். என்ன படிக்கப் போகிறாய் என்று எங்களுக்கு விளங்கும்படி வந்து சொல் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள்.

"சொன்னா விளங்காது அண்ணை. காட்டினா விளங்கும் எண்டு நினைக்கிறன்" என்றார் ரீச்சர். பிறகு கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்க வேண்டிய கோணங்களைச் சொன்னார்: நாற்பத்தைந்து, அறுபது, தொண்ணூறு.

அண்ணன் அதைச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டார். சட்டம் போடுகிறவருக்குக் கோணம் என்றால் ஒன்றுதான். மரத்தை எந்தச் சரிவில் அறுப்பது என்பதுதான் அது. வேறு கோணம் அவர் கைக்குத் தெரியாது. ஆகவே ஒரு கண்ணாடியை நாற்பத்தைந்து பாகையில் கூராக வெட்டினார், அடுத்ததை அறுபதில், மற்றதைத் தொண்ணூறில். மூன்று கூர்களையும் ஒரு புள்ளியில் வைத்து விளிம்போடு விளிம்பு சேர்த்தால் அவை நன்றாகவே பொருந்தி நின்றன. நான் வெளிப்பக்கம் துணிப்பட்டி வைத்துப் பசை போட்டு ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது.

சனிக்கிழமை ரீச்சர் வந்தார். உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்றார். ஒட்டு ஒழுகும் என்றார் அண்ணன். எங்களிடம் புல்மோட்டைக் கரையிலிருந்து கொண்டுவந்த கறுப்பு மணல் இருந்தது. வெட்டிய கண்ணாடியின் விளிம்பை அதை வைத்துத்தான் தேய்ப்போம். அது கனமான மணல். தட்டினால் தண்ணீர் போல மட்டமாகிவிடும். அன்று முதல் தரமாகத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஒரு பிடி மணலைக் கொடுத்தேன். ரீச்சர் அதைக் கூம்புக்குள் போட்டு, மெல்லத் தட்டி, மேலிருந்து பார்த்தார்.

அவர் முகம் வாடியது. எங்களையும் பார்க்கச் சொன்னார். எனக்குத் தெரிந்தது உடைந்த கற்கண்டுக் குவியல் போல ஒன்று. கறுப்பு முகங்கள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, பாதியில் நின்று, மற்றதற்குள் புகுந்து கிடந்தன.

"என்ன ரீச்சர், சரியில்லையோ? பாருங்கோ, இந்த மூலை வடிவாத்தானே கிடக்கு" என்றார் அண்ணன்.

அது உண்மை. ஒரு மூலையில் மட்டும் படங்கள் வட்டமாகச் சுற்றி வந்து சரியாக மூடின. மற்ற இரண்டு மூலையிலும் மூடவில்லை. ரீச்சர் அந்த மூலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"அண்ணை, நீங்கள் கண்ணாடியை நாப்பத்தைஞ்சிலை வெட்டியிருக்கிறியள்."

"நீங்கள் சொன்னதைத்தானே வெட்டினனான்."

"நான் சொன்னது கண்ணாடியின்ரை கோணமில்லை. ரெண்டு கண்ணாடிக்கு நடுவிலை இருக்கிற கோணம்."

"ரெண்டும் ஒண்டுதானே?"

ரீச்சர் எழுந்து போய்க் கடைக் கதவைப் பாதி திறந்து பிடித்தார். "இந்தக் கதவின்ரை மூலை எத்தினை பாகை?"

"தொண்ணூறு."

"இப்ப நான் கதவைக் கொஞ்சமாத் திறக்கிறன், கூடத் திறக்கிறன். மூலை மாறிச்சுதோ?"

அண்ணன் கதவைப் பார்த்தார். பிறகு கூம்பைப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு காலமும் நான் கதவை அறுத்துக்கொண்டு இருந்திருக்கிறன், திறந்து பாக்கேல்லை" என்றார். மூவரும் சிரித்தோம். பிழை யாருடையது என்ற பேச்சே எழவில்லை.

ரீச்சர் படம் சுற்றுகிற கடதாசியில் கணக்குப் போட்டார். கண்ணாடிக்கு நடுவே நாற்பத்தைந்தும் அறுபதும் தொண்ணூறும் வர வேண்டுமானால், கண்ணாடியின் கூர்கள் முப்பத்தைந்தே கால், நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணன் இருந்ததில் மெல்லிய கண்ணாடியாகத் தேடி எடுத்தார். தடித்த கண்ணாடியில் பின்பூச்சு வரை உள்ள கனம் மூலையில் கறுப்புக் கோடாகத் தெரியுமாம். அடுத்த கிழமை இரண்டாவது கூம்பு தயாரானது.

மணலைப் போட்டு, ஒரு மூலைக் கோடு செங்குத்தாக நிற்கும்படி ரீச்சர் அதைச் சரித்துத் தட்டினார். நான் குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி அந்தரத்தில் நின்றது. விளிம்புகள் கத்தி போல. உள்ளே போட்டது ஒரு முக்கோணத் துளி மணல். அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அடியில் கை வைத்துத் தடவிப் பார்த்தேன். ரீச்சர் கூம்பை வேறு மூலைக்குச் சரித்துத் தட்டினார். பெட்டி போய்விட்டது. இரண்டு கூர்க் கோபுரங்களை அடியோடு அடி ஒட்டியது போல எட்டு முகம் உள்ள ஒரு உருவம் நின்றது.

"இது எப்பிடி ரீச்சர்?" அவரோடு நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்னதை என்னால் இயன்றவரை எழுதுகிறேன். கண்ணாடி ஒன்று இந்தப் பக்கத்து வெளியை, அதாவது இடம் முழுவதையும், அந்தப் பக்கம் மாற்றிப் போடுகிறது. திரும்பவும் போட்டால் பழைய இடத்துக்கு வருகிறது. மூன்று கண்ணாடி சேர்ந்தால் மாற்றிப் போடும் வழிகள் பெருகும். கோணங்கள் சரியாக இருந்தால் அந்தப் பெருக்கம் ஒரு இடத்தில் நிற்கும். இந்தக் கூம்பில் நாற்பத்தெட்டு வழிகள். அதற்கு மேல் எப்படிப் புரட்டினாலும் அந்த நாற்பத்தெட்டில் ஒன்றாகத்தான் இருக்கும். கோணம் பிழைத்தால் அது நிற்காது. முந்திய கூம்பில் நடந்தது அதுதான். புரட்டப் புரட்டப் புதிது புதிதாக வந்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்துகொண்டே இருக்கும்.

"வெளி முழுக்க நாப்பத்தெட்டுப் பங்கு. எல்லாப் பங்கும் ஒண்டுதான். ஒரு பங்கைத் தெரிஞ்சா முழுதும் தெரியும். அந்த ஒரு பங்குதான் இந்தக் கூம்பு" என்றார்.

"இதைத்தானோ இங்கிலாந்திலை படிக்கப் போறியள்?"

"இது பழைய கதை தங்கச்சி. இது எல்லாருக்கும் தெரிஞ்சது. நான் பாக்கப் போறது வேறை வெளியள். நீளம், அகலம், உயரம் எங்களுக்கு இருக்கிற மாதிரித்தான் இருக்கும். ஆனா நேராப் போய்க்கொண்டே இருந்தா புறப்பட்ட இடத்துக்கு வந்து சேருவீங்கள். அப்பிடிச் சுருண்டு கிடக்கிற வெளியை எத்தினை விதமாப் புரட்டித் திரும்ப அதே இடத்திலை வைக்கலாம் எண்டதுதான் கேள்வி. அங்கை கண்ணாடி வைக்க ஏலாது."

"அப்ப எப்பிடிப் பாப்பீங்கள்?"

"பாக்க மாட்டன். யோசிப்பன்."

வெளியை ஒரு அச்சைச் சுற்றித் திருப்பும்போது அந்த அச்சு மட்டும் அசையாது என்றும், அச்சு நேராக இராமல் வளைந்து வட்டமாகவும் இருக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் அந்த அசையாத வட்டம் முடிச்சு விழுந்ததாக இருக்க முடியுமா? இதற்கு யாருக்கும் முழுப் பதில் தெரியாதாம். முடியாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்களாம், ஆனால் நினைப்பது போதாதாம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுசி போக வேண்டும் என்று அப்போது எனக்குள் நினைத்தேன்.

சபை கூடும் நாளில் கூம்புகளைப் பிடிக்க நான் வர வேண்டும் என்று ரீச்சர் கேட்டார். வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு முன்னாலும் பேசுவார், ஆனால் பெரிய மனிதர்களுக்கு முன்னால் கை நடுங்குமாம். மணல் மட்டம் கெட்டுவிடும். எனக்கு அதைவிடப் பயம். ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன், "இவளின்ரை கை நடுங்காது ரீச்சர். நாக்குத்தான் நடுங்கும். கொண்டு போங்கோ" என்று என்னைத் தாரை வார்த்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தின் அலுவலக அறையான கந்தோரில் மூவர் இருந்தார்கள். நடுவில் பள்ளிக்கூட மனேச்சர்; அவர் ஓய்வு பெற்ற வழக்கறிஞர், பிரக்கிராசியார் என்பார்கள், காணி வழக்குகளில் பேர் எடுத்தவர். வலப்பக்கம் கிண்ணியாவில் நெல் வியாபாரம் செய்யும் முதலாளி. இடப்பக்கம் காது மந்தமான, முன்னாள் தபால் அதிபர்.

"ரீச்சர், உங்கடை விண்ணப்பத்தை மூண்டு தரம் வாசிச்சனான்" என்றார் மனேச்சர். "நாப்பது வருஷமாக் காணி உறுதிப்பத்திரம் வாசிக்கிறவன் நான். அதிலை விளங்காததும் இருக்கு. ஆனா இதிலை விளங்கினது உங்கடை கையெழுத்து மட்டும்தான்."

ரீச்சர் முதலில் பிழையான கூம்பைக் காட்டினார். அதையும் கொண்டுவரச் சொன்னபோது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றேன். தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன மகள், கண்ணாடிக் கடையில உடைஞ்சத அள்ளிட்டு வந்தீங்களா?" என்றார் முதலாளி.

பிறகு சரியான கூம்பு. முதலாளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

"யா அல்லா! பொட்டி! பிரக்கிராசியார், உள்ள ஒரு பொட்டி நிக்கிது! இந்தா, இப்படி வந்து பாருங்க!"

மனேச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். நான் ரீச்சர் சொன்ன பக்கம் சரித்துத் தட்டினேன். எட்டு முகம் வந்தது. தபால் அதிபர் கூம்பை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கூட்டம் முடியும் வரை அவர் அதைத் திருப்பித் தரவில்லை.

ரீச்சர் பேசத் தொடங்கினார். இரண்டு கூம்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார், தானே சொல்லாமல் அவர்களைக் கொண்டே சொல்ல வைத்தார். நூற்றெண்பது பாகையை நாற்பத்தைந்து மிச்சமில்லாமல் பிரிக்கும், அறுபது பிரிக்கும், தொண்ணூறும் பிரிக்கும். மற்றக் கூம்பில் இரண்டு மூலையில் மிச்சம் விழுகிறது.

முதலாளி தொடையில் தட்டினார். "விளங்கிட்டு! வலைக்காரன் மீன் பங்கு போடுற மாதிரித்தான். பங்கு சரியா முடிஞ்சா எல்லாரும் ஊட்டுக்குப் போவான். மிஞ்சினா கரையில நிண்டு சண்ட புடிப்பான். அந்தக் கூம்புக்குள்ள நடக்கிறது சண்ட!"

"அதேதான் முதலாளி" என்றார் ரீச்சர். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முன்பு கண்டதில்லை. பிறகு சுருண்ட வெளியைப் பற்றியும், அசையாத வட்டத்தைப் பற்றியும் சொன்னார். மனேச்சர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் நல்ல கேள்வி என்று ரீச்சர் சொன்னார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. லீவு கிடைத்த மாதிரித்தான் என்று எண்ணினேன்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டு மூவரும் தங்களுக்குள் கொஞ்ச நேரம் பேசினார்கள். காது மந்தமானவருக்காக உரத்துப் பேசியதால் வெளியில் நின்ற எங்களுக்கும் கேட்டிருக்கும். ஆனால் நாங்கள் மரியாதைக்கு விறாந்தையின் மறுகோடிக்குப் போய் நின்றோம். பிறகு கூப்பிட்டார்கள்.

மனேச்சர் சிரித்த முகத்தோடு இருந்தார். "ரீச்சர், உண்மையைச் சொல்லுறன். இண்டைக்கு வரேக்கை லீவு குடுக்கிற எண்ணத்தோடைதான் வந்தனான். ஆரோ ஒருத்தரைப் பிடிச்சு அந்த இடத்திலை விடலாம் எண்டு நினைச்சன். இப்ப உங்களைக் கேட்ட பிறகு அப்பிடி நினைக்க ஏலாமல் கிடக்கு. எனக்கே விளங்க வைச்சிட்டீங்கள். இப்பிடிப் படிப்பிக்கிற ஆளை எப்பிடி விடுறது?"

"எண்ட மூத்தவ வார வருசம் இஞ்சதான் வாரா" என்றார் முதலாளி. "ரீச்சருக்கிட்டப் படிக்கட்டும் எண்டு இப்பதான் நெனச்சன்."

"நான் திரும்பி வருவன் ஐயா. அதுக்காகத்தான் லீவு கேக்கிறன். வராமல் விடுறதெண்டா விலகிப் போயிருப்பன்."

"போனவையிலை ஆர் திரும்பி வந்தது, சொல்லுங்கோ பாப்பம்?" மனேச்சர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கவலையாகவே சொன்னார். "எங்கடை பிள்ளையளை யோசியுங்கோ ரீச்சர்."

அவர்கள் கெட்டவர்கள் அல்ல. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. ஊரில் பெண் பிள்ளைகளுக்கு இப்படிக் கணக்குப் படிப்பிக்க வேறு ஆள் கிடையாது. அதுவும் உண்மைதானே.

ரீச்சர் நன்றி சொன்னார். சரியான கூம்பைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று தபால் அதிபர் கேட்டார். ரீச்சர் ஓம் என்று தலையாட்டினார். பிழையான கூம்பை நான் ஒரு பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

கடற்கரைப் பக்கமாக நடந்து வந்தோம். ஊருக்குள் திரியும் மான்கள் வழியில் நின்றன. விலகவில்லை, நாங்கள்தான் சுற்றிப் போனோம். மான்களைத் தாண்டியதும் ரீச்சர் நடையைக் குறைத்தார். பிறகு, "கொஞ்சம் விளங்காத மாதிரிச் சொல்லியிருக்க வேணும் தங்கச்சி" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு முடியும் இடத்தில் கண் கலங்கியிருந்தது.

"அம்மா என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"அக்காவோடை இறக்கக்கண்டியிலை போய் இருக்கிறன், நீ போ எண்டுதான் சொல்லுறா. ஆனா அங்கை அவவுக்கு ஒத்துவராது. மருமகன் வீடு. எனக்குத் தெரியும்." கொஞ்சம் நடந்து போய், "லீவு தந்திருந்தா வேலை ஒண்டு இஞ்சை எனக்காகக் காத்திருக்கும் எண்டு அவவுக்கும் ஒரு தெம்பு இருக்கும். இனி நான் போனா வெறுங்கையோடை போறன். திரும்பி வந்தாலும் வெறுங்கை" என்றார்.

எனக்குப் பெரிய ஆறுதல் வார்த்தை ஒன்றும் தெரியாது. பேசித் தேற்றுவது என் சுபாவமும் இல்லை. ஆனால் அன்று மூன்று பெரிய மனிதர்களுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்த துணிவு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ரீச்சர், உங்கடை இடத்திலை நான் எண்டா பயத்திலை நிண்டிடுவன். என்னைப் போல நீங்களும் நிக்க வேண்டாம்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கித் தானே கொண்டுவந்தார், நான் கனக்க நேரம் பிடித்துக்கொண்டு நின்றதாலாக்கும். கடை வாசலில் அதை என்னிடம் தந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, மணி அடிக்கும் முன்னரே, ரீச்சர் இங்கிலாந்து போவதாக எழுதிய விலகல் கடிதத்தை மனேச்சரின் வீட்டில் கொடுத்தார். பிறகு பள்ளிக்கூடம் போய் அன்றைய பாடங்களை எடுத்தார்.